தைராய்டு ஆபரேஷன் முடிந்தது... குரல் திரும்பியதா?

காலை ஷிப்ட்டுக்கு ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீ சிட்டிக்குள் நுழையும் கம்பெனி பஸ்களில் இளம் பெண்கள் நிறைய. சத்யவேடு, வரதய்யபாளையம், நாகலாபுரம், தடா, சூளூர்பேட்டை, எல்லைக்கு இந்தப் பக்கம் ஆரம்பாக்கம், ஊத்துக்கோட்டை என்று சுற்றுவட்டாரம் முழுக்க அந்த பஸ்களில் ஏறி வருகிறது. தமிழும் தெலுங்கும் கலந்தே பேச்சு ஓடுகிறது. சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய இந்தத் தொழில் நகரத்தில் செல்போனும் சாக்லேட்டும் ஏ.சி. இயந்திரமும் மெட்ரோ ரயில் பெட்டியும் தயாராகின்றன. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது.

தொண்டையைப் பற்றிய கட்டுரைக்குத் தொழிற்சாலை எதற்கு? காரணம் இருக்கிறது. தைராய்டு கோளாறு ஆண்களைவிடப் பெண்களைப் பல மடங்கு அதிகம் தாக்குகிறது. உழைக்கும் வயதிலேயே அது தொடங்கிவிடுவதும் சாதாரணம். இயந்திரம் ஓடும் கூடத்தில் குரலும் கை கால் மாதிரி ஒரு வேலைக் கருவி. பக்கத்து ஆளை எச்சரிக்க, சூப்பர்வைசரைக் கூப்பிட, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வேலை சொல்லித்தர, எல்லாவற்றுக்கும் சத்தத்தைத் தாண்டிப் பேசியாக வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை நம் தொழிற்சாலை விதிகள் அனுமதிக்கின்றன. சுற்றிலும் சத்தம் கூடும்போது மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே எழுதிவைத்தார். உயர்த்த நினைத்தும் குரல் உயராதவர் என்ன செய்வார்?

இப்படி ஒருவரை நினைத்துப் பாருங்கள். வயது முப்பத்தைந்து. கழுத்தில் கட்டி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் காய்ந்தது, கட்டி புற்று இல்லை என்றும் ரிப்போர்ட் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. வேலைக்குத் திரும்பிய வாரம், "என்னக்கா, சளியா? குரல் இப்படிக் கம்மியிருக்கு?" என்று பக்கத்தில் நிற்கும் பெண் கேட்கிறாள். "ஆமாம்மா, சரியாயிடும்." மூன்று மாதம் கழித்தும் அதே கேள்வி வருகிறது. மதியம் வரை குரல் இருக்கிறது, அதன் பிறகு காற்றுதான் வருகிறது. போனில் பேசினால் மறுமுனையில் இருப்பவர் "சொல்லுங்க சார்" என்கிறார். சாயங்காலம் பிள்ளையை வாசலில் நின்று கூப்பிட முடிவதில்லை. தண்ணீர் குடித்தால் அடிக்கடி புரையேறுகிறது. "யாரோ நினைக்கிறாங்க" என்று மாமியார் தலையில் தட்டுகிறார். மறுபரிசோதனைக்குப் போனால் டாக்டர் தழும்பைப் பார்க்கிறார், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், மாத்திரை அளவை எழுதுகிறார். குரலைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. உயிர் பிழைத்தாயிற்று, இதைப் போய் ஒரு குறையாகச் சொல்வதா என்ற கூச்சம்.

அந்தக் கூச்சம் போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. குரல் மாற்றம் வேண்டாத புலம்பல் அல்ல. அதற்குக் காரணம் உண்டு, பரிசோதனை உண்டு, பெரும்பாலானவர்களுக்கு வைத்தியமும் உண்டு. ஆனால் அந்த வைத்தியத்தில் சிலவற்றுக்குக் காலக்கணக்கு இருக்கிறது.

மூச்சுக்குழாயின் உச்சியில் குரல்வளை. அதற்குள் இரண்டு குரல் நாண்கள், இரட்டைக் கதவு மாதிரி. மூச்சு விடும்போது திறக்கும், பேசும்போது நடுவில் வந்து சேரும். சேர்ந்த நாண்களை நுரையீரலிலிருந்து வரும் காற்று அதிரவைக்கிறது. சாதாரணப் பேச்சில் பெண்களுக்கு ஒரு நொடிக்கு ஏறத்தாழ 200 தடவை, ஆண்களுக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். இந்த நாண்களைத் திறந்து மூடும் நரம்பின் பாதை வியப்பானது. மூளையிலிருந்து இறங்கும் பெரிய நரம்பிலிருந்து பிரிந்து நேரே குரல்வளைக்குப் போகாமல், இடப்பக்கம் நெஞ்சுக்குள் இறங்கி மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. வலப்பக்கம் தோளுக்குப் போகும் தமனியைச் சுற்றி ஏறுகிறது. அப்படி ஏறும் வழியில், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில், தைராய்டு சுரப்பியின் முதுகை ஒட்டியே போகிறது. அகலம் சில மில்லிமீட்டர்தான். குரல்வளைக்குள் நுழையும் இடத்தில் சுரப்பியை மூச்சுக்குழாயோடு கட்டிவைத்திருக்கும் ஒரு தசைநார் உண்டு. அந்த இடம்தான் ஆபத்தான முனை. சுரப்பியை முன்னால் இழுக்கும்போது நரம்பும் சேர்ந்து இழுபடுகிறது.

நரம்பு என்றதும் டாக்டர் வெட்டிவிட்டார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெட்டுப்படுவது குறைவு, இழுபடுவதுதான் அதிகம். இழுபட்ட நரம்பு பெரும்பாலும் வாரங்களில், மாதங்களில் தேறிவிடுகிறது. பழகிய கைகளில், நிரந்தரமாக ஒரு நாண் அசையாமல் போவது நூற்றில் ஒருவர் இருவர் அளவில்தான். அந்த ஒருவருக்கு அது நூறு சதவீதம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கழுத்தில் அடிபட்டால் குரல் போகும் என்பது பழைய அறிவு. சுஸ்ருத சம்ஹிதையின் சாரீர ஸ்தானம், கழுத்தின் இருபக்கமும் நீலா, மன்யா என்ற மர்மங்களைச் சொல்லி, அங்கே காயம்பட்டால் ஊமையாதல், குரல் மாறுதல், சுவை தெரியாமல் போதல் வரும் என்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் கேலன் என்ற மருத்துவர், கத்திக் கத்தி அலறும் பன்றியின் கழுத்தில் இந்த நரம்பைக் கட்டி, அலறல் நின்றுபோவதைக் கூட்டத்துக்கு நடுவே காட்டினார். ஒரு சிறுவனின் கழுத்திலிருந்த கட்டிகளை, ரத்தக்குழாய் அறுந்துவிடக் கூடாதே என்று கத்தியை விட்டுவிட்டு நகத்தால் பிய்த்தெடுத்த வைத்தியர், நரம்பையும் சேர்த்துப் பிய்த்துக் குழந்தையை ஊமையாக்கிய கதையையும் அவர் எழுதிவைத்திருக்கிறார்.

இன்னொரு நரம்பு இருக்கிறது. இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். சுரப்பியின் மேல்முனைக்கு வரும் தமனியை ஒட்டி ஓடும் மெல்லிய கிளை அது. குரல் நாணை இழுத்து விறைப்பாக்கும் தசைக்குப் போகிறது. விறைத்தால்தான் குரல் மேலே ஏறும். தமனியைக் கட்டும்போது இந்தக் கிளையும் கட்டுக்குள் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இது போனாலும் குரல் நாண் திறந்து மூடும், பேச முடியும், புரையேறாது. சாதாரணப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் மேல் ஸ்தாயி போய்விடும், கத்திக் கூப்பிட முடியாது, நாள் முடிவதற்குள் குரல் சோர்ந்துவிடும். பாடுகிறவருக்கு இது பெரிய இடி. வகுப்பெடுக்கும் டீச்சருக்கும், பஸ் கண்டக்டருக்கும், லைனில் நிற்கும் பெண்ணுக்கும் மட்டும் சிறிய இடியா என்ன?

மருத்துவ உலகில் இந்தக் கிளைக்கு ஒரு பாடகியின் பெயரே ஒட்டிக்கொண்டது. அமெலிட்டா கல்லி-குர்ச்சி, 1882-ல் மிலனில் பிறந்தவர். 1916-ல் சிகாகோவில் ஒரே இரவில் புகழின் உச்சிக்குப் போன ஓபரா பாடகி. பரமஹம்ச யோகானந்தரின் சீடராக நம் நாட்டவர் சிலருக்கும் தெரிந்த பெயர். பல ஆண்டுகளாக வளர்ந்து மூச்சுக்குழாயை நெருக்கிக்கொண்டிருந்த கழலையை 1935-ல் சிகாகோவில் அகற்றினார்கள். முழு மயக்கம் கொடுக்காமல், கழுத்தை மட்டும் மரக்கவைத்து, நடுநடுவே குரலைச் சோதித்தபடியே செய்த ஆபரேஷன். செய்தவர் ஆர்னால்டு கீகல். பிரசவத்துக்குப் பிறகு நம் பெண்களுக்குச் சொல்லித்தரும் கீகல் பயிற்சி பிற்காலத்தில் இவர் பெயரால் வந்ததுதான். 1936 நவம்பரில் அந்த அம்மா மறுபடி மேடையேறினார். பாட்டு எடுபடவில்லை. அதோடு அவருடைய ஓபரா வாழ்க்கையும் முடிந்தது.

நரம்பை அறுத்துவிட்டார்கள், மகத்தான குரல் போய்விட்டது என்று அறுவை மருத்துவ மாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இந்தக் கதையைப் பாடமாகச் சொன்னார்கள். 2001-ல் பீட்டர் க்ரூக்ஸும் ஜேம்ஸ் ரெக்காபாரனும் பழைய விமர்சனங்களையும் சான்றுகளையும் தேடியெடுத்து ஆராய்ந்து, குரலின் சரிவு ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கிவிட்டது, ஆபரேஷனால்தான் போயிற்று என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். கதை பொய்யானாலும் அதன் பயன் போகவில்லை. மேல்முனையில் கத்தி வைக்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்று அது எத்தனையோ மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. எனக்கு இதில் தெரிவது வேறொன்று: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குரல் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவு இல்லாவிட்டால், உலகப் புகழ்பெற்ற பாடகிக்காகவே 65 ஆண்டு கழித்து வழக்காட வேண்டியிருக்கிறது. சத்யவேட்டுப் பெண்ணுக்காக வழக்காட யார் வரப்போகிறார்கள்?

நரம்பு இரண்டும் பத்திரமாக இருந்தும் குரல் மாறுகிறவர்கள் ஏராளம். மயக்கத்துக்குப் போடும் குழாய் குரல் நாணை உரசியிருக்கும். கழுத்தின் முன்தசைகள் வெட்டி ஒட்டியதில் தழும்பேறி, விழுங்கும்போதும் பாடும்போதும் குரல்வளை பழைய மாதிரி மேலும் கீழும் நகராது. "தொண்டையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். உண்மையிலேயே இழுக்கத்தான் செய்கிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் குரல் நாண்கள் தடித்துக் குரல் கனத்துக் கரகரக்கும். சுரப்பியை முழுதாக எடுத்தவர்கள் தினமும் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டிய மாத்திரையை ஷிப்ட் அவசரத்தில் விட்டுவிட்டால் குரலிலும் அது தெரியும். இந்தக் காரணத்தைச் சரிசெய்வது எல்லாவற்றிலும் சுலபம். அதனால் முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே. "நரம்பு நல்லா இருக்கும்மா, ஒண்ணும் இல்லை" என்று அனுப்பிவைப்பதோடு மருத்துவரின் வேலை முடிவதில்லை. நரம்பு நன்றாக இருப்பதும் குரல் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2013-ல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆபரேஷனுக்கு முன் குரலை மதிப்பிட்டு எழுதிவைக்க வேண்டும். குரலில் மாற்றம் இருந்தால் குரல் நாண் அசைவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குரல் மாறியிருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. கடைசி வரியை நான் அழுத்திச் சொல்வேன். "ஆறு மாசம் போகட்டும், பார்க்கலாம்" என்று நம் பக்கம் சாதாரணமாகச் சொல்லும் பேச்சுக்கு இதில் இடமில்லை. நரம்பு தேறுவதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருப்பது சரி. ஆனால் காத்திருப்பதற்கும் கவனிக்காமல் விடுவதற்கும் வித்தியாசம் உண்டு. அசையாத நாணைச் சீக்கிரம் கண்டுபிடித்தால், காத்திருக்கும் மாதங்களிலேயே குரலும் சாப்பாடும் ஓரளவு சரியாக இருக்கும்படி உதவ முடியும்.

பரிசோதனை ஒன்றும் பயங்கரம் இல்லை. மூக்கை மரக்கவைத்து, மெல்லிய வளையும் குழாயை உள்ளே விட்டு, "ஈ... சொல்லுங்க, இப்ப மூச்சை இழுங்க" என்பார்கள். சில நிமிட வேலை. எதிரே உள்ள திரையில் ஒரு நாண் நடுவுக்கு வர, இன்னொன்று நின்ற இடத்திலேயே நிற்பதை நோயாளியே பார்க்கலாம். "எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்களே" என்று மாதக்கணக்கில் மனதுக்குள் மருகியவர்களுக்கு அந்தக் காட்சி வருத்தத்தோடு ஓர் ஆறுதலையும் தருகிறது: இது என் கற்பனை இல்லை. உயிருள்ள மனிதரின் குரல் நாணைக் கண்ணாடியில் பார்த்து 1855-ல் அறிவியல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் மருத்துவர் அல்ல, மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் தொண்டையையே பார்த்துக்கொண்டவர்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று உண்டு. நன்றாக மூச்சை இழுத்து, "ஆ..." என்று ஒரே சீராக, முடிந்த மட்டும் இழுங்கள். கூட இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஆரோக்கியமான பெரியவர்கள் பொதுவாக 15 விநாடிக்குக் குறையாமல் இழுப்பார்கள். ஏழு, எட்டிலேயே காற்று தீர்ந்துபோனால் நாண்கள் சரியாகச் சேரவில்லை என்று சந்தேகப்படலாம். இது நோயைத் தீர்மானிக்கும் சோதனை அல்ல, டாக்டரிடம் போகச் சொல்லும் சோதனை. தண்ணீர், மோர், காபி குடிக்கும்போது மட்டும் புரையேறுவதும், இருமினால் இருமல் பலமாக வராமல் காற்றாகப் போவதும் அதே மாதிரியான அடையாளங்கள்.

வைத்தியம் பயிற்சியில் தொடங்குகிறது. குரல் பயிற்சி தரும் நிபுணர், மூச்சைப் பிடித்துப் பேசும் முறை, கழுத்தை இறுக்காமல் ஒலியை முன்னால் கொண்டுவருவது, தழும்பை நீவி இளக்குவது எல்லாம் சொல்லித்தருவார். நாண் அசையாதவர்கள் பழைய குரலைப் பிடிக்கப் போராடித் தொண்டையை இறுக்கிப் பேசியே இன்னொரு கோளாறை வரவழைத்துக்கொள்கிறார்கள். பயிற்சி அதையும் தடுக்கும். காதும் பேச்சும் பற்றிய படிப்புக்கென 1965-ல் மைசூரில் அகில இந்திய நிறுவனம் தொடங்கினார்கள். வேலூரிலும் சென்னையிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. ஆனாலும் சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளில் இந்த நிபுணரைப் பார்ப்பது அரிது. ஷிப்ட்டை விட்டுவிட்டு வாரம் ஒரு தடவை நகரத்துக்குப் போய்ப் பயிற்சி எடுப்பது தினக்கூலிக் குடும்பத்துக்கு லேசான காரியமல்ல.

அடுத்தது ஊசி. அசையாத நாணுக்குள் ஹயலூரானிக் அமிலமோ, வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்போ செலுத்திப் பருமனாக்கினால் அசையும் நாண் வந்து தொட இடம் கிடைக்கிறது. வில்ஹெல்ம் ப்ரூனிங்ஸ் 1911-ல் பாரஃபின் மெழுகை வைத்து இதைத் தொடங்கினார். இன்று சில மாதங்களில் தானே கரைந்துபோகும் பொருள்களும் இருப்பதால், நரம்பு தேறுமா என்று காத்திருக்கும் காலத்திலேயே போட்டுக்கொள்ளலாம். ஒரு வருடம் ஆகியும் நாண் அசையவில்லை என்றால், ஜப்பானின் இஸ்ஷிகி 1970-களில் வகுத்த முறை இருக்கிறது. குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு ஜன்னல் போட்டு, சிலிகான் துண்டு ஒன்றை வைத்து நாணை நடுவுக்குத் தள்ளுகிறார்கள். நோயாளி விழித்திருப்பார். டாக்டர் துண்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி "ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுங்க" என்பார். குரல் நன்றாக வரும் இடத்தில் நிறுத்துவார். ஆபரேஷன் மேசையிலேயே தன் குரல் திரும்புவதைக் கேட்கும் வைத்தியம் இது. பல வருடம் ஆனவர்களுக்கும் செய்யலாம். "இனிமே என்ன, விட்டாச்சு" என்று இருப்பவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

மேல்முனை நரம்பு போனவர்களுக்குப் பாதை இவ்வளவு தெளிவாக இல்லை. பயிற்சியில் கொஞ்சம் மீளலாம், உச்ச ஸ்தாயி முழுதாகத் திரும்புவது கடினம். பாடகர் ராட் ஸ்டீவர்ட் 2000-ல் தைராய்டு புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, மாதக்கணக்கில் பாட முடியாமல், பிறகு பாடுவதை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வசதி இருந்தது.

இரண்டு பக்க நாணும் நடுவில் நின்றுபோவது மிக அரிது. அப்போது குரலைவிட மூச்சுதான் பிரச்னை. கழுத்தில் துளை போட வேண்டியும் வரலாம். நரம்பின் இயக்கத்தை ஆபரேஷனின்போதே கருவியால் கண்காணிக்கும் முறை இதைத் தவிர்க்கத்தான் பெரிதும் உதவுகிறது. மயக்கக் குழாயிலேயே மின்முனை இருக்கும். நரம்பைத் தூண்டினால் கருவி ஒலிக்கும். ஒரு பக்கம் முடித்ததும் ஒலி வரவில்லை என்றால் மறுபக்கத்தைத் தொடாமல் இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம். ஆனால் நரம்பைக் கண்ணால் கண்டு ஒதுக்கிக் காப்பாற்றும் பழகிய கைக்கு எந்தக் கருவியும் மாற்றல்ல. அதனால் எத்தனை மாடி ஆஸ்பத்திரி என்பதைவிட, "டாக்டர், இந்த ஆபரேஷனை நீங்க அடிக்கடி செய்வீங்களா?" என்ற கேள்வி முக்கியம். வேலூர் சி.எம்.சி.யிலும், சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறை இயங்குகிறது. ஸ்ரீ சிட்டிக்காரர்களுக்கு இரண்டுமே போய்வரக்கூடிய தூரம். திருப்பதியில் ஸ்விம்ஸ், ரூயா போன்ற பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன.

அதற்கும் முந்தைய கேள்வி, ஆபரேஷன் வேண்டுமா என்பது. கழுத்தை ஸ்கேன் செய்தால் நிறையப் பேருக்குச் சின்னக் கட்டிகள் தெரியும், பெரும்பாலானவை தீங்கற்றவை. தென்கொரியாவில் ஸ்கேன் பரவியதும் 2011-க்குள் தைராய்டு புற்று கண்டுபிடிப்பு 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கானது. சாவு எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. தேவையில்லாத கத்திகள் எத்தனை கழுத்தில் பட்டிருக்கும்! ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை, ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான, ஆபத்துக் குறைந்த புற்றுக்கட்டிகளை அறுக்காமல் கண்காணித்து வருவதை 1993-லேயே தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் இது பொருந்தாது. மூச்சை நெருக்கும் கழலையையும் பரவும் புற்றையும் எடுத்தே ஆக வேண்டும். குரலுக்குப் பயந்து தள்ளிப்போடுவது ஆபத்து. "இப்பவே எடுக்கணுமா, பாதி எடுத்தாப் போதுமா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. அதைக் கேட்டால் டாக்டருக்குக் கோபம் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை.

தொழிற்சாலைகளுக்கும் இதில் கடமை உண்டு. தையல் பிரித்ததும் பழைய லைனுக்கே அனுப்பாமல், சில மாதங்களுக்காவது சத்தம் குறைந்த பிரிவில் வேலை தரலாம். கூப்பிட மணியோ விளக்கோ வைக்கலாம். குரல் பயிற்சிக்குப் போகும் நாளை மருத்துவ விடுப்பாகக் கணக்கிடலாம். கை விரலில் அடிபட்டவருக்கு இதெல்லாம் யோசிக்காமல் கிடைக்கிறது. குரல் அடிபட்டவருக்கு வெளியே காயம் தெரியாததால் எதுவும் கிடைப்பதில்லை.

ஆபரேஷன் தேதி குறித்தவர்கள் இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கையிலுள்ள செல்போனில் உங்கள் குரலைப் பதிவு செய்துவையுங்கள். ஒரு நிமிடம் சாதாரணமாகப் பேசுங்கள், பேப்பரில் ஒரு பத்தி படியுங்கள், முடிந்த மட்டும் "ஆ..." இழுங்கள், கீழிருந்து மேலே குரலை ஏற்றிப் பாருங்கள், தூரத்தில் இருக்கும் ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பாடுவீர்கள் என்றால் தெரிந்த பாட்டில் ஏறுமுகமான ஒரு வரி. தேதியைப் போட்டு வைத்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம் அதையே திரும்பப் பதிவு செய்து இரண்டையும் டாக்டருக்குப் போட்டுக்காட்டுங்கள். வித்தியாசம் தெரிந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பச் சொல்லிக் கடிதம் கேளுங்கள்.